தனியாக இருக்கப்போகிறவர் தேர்ந்தெடுக்கட்டும்

(கோவையில் ஓய்வூதியர்களும் மூத்த குடிமக்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



முதியோர் குடியிருப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்தார்கள். அதைப் பேசுவதற்குக் கோவை பொருத்தமான ஊர். 2000-க்குப் பிறகு, வயதானவர்களுக்கென்றே கட்டிய வளாகங்கள் வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று நகரத்தின் மேற்கிலும் வடக்கிலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இந்தியாவில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் என்றதும் நினைவுக்கு வரும் ஊர்களில் கோவையும் ஒன்றாகிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பெயர்பெற்ற மருத்துவமனைகள், சென்னையையும் பெங்களூருவையும் விடக் குறைந்த நிலவிலை, நகரத்துக்குள்ளேயே விமான நிலையம். பிள்ளைகள் டல்லாஸிலும் சிட்னியிலும் இருக்கிற பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். பத்திரமும் ஒப்பந்தமும் படித்தே காலம் போனது. என் சித்தியையும் சித்தப்பாவையும் இப்படியொரு வளாகத்தில் குடிவைத்த பிறகு, தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது "கூட வந்து பாரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போகிறேன். பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். எந்த வளாகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சிபாரிசு செய்ய நான் வரவில்லை.

நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் கடைசியில் தனியாக இருக்கப்போகிறவர் யாரோ, அவருடைய கண்ணால் அந்த இடத்தைப் பாருங்கள். அவரையே தேர்ந்தெடுக்கவிடுங்கள். நம் குடும்பங்களில் அவர் பெரும்பாலும் மனைவி.

இது மங்கலமான பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு கணக்குதான். நம் வீடுகளில் கணவன் மனைவியைவிட நான்கைந்து வயது மூத்தவர். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். மனைவியை இழந்த ஆண்களோ ஏறத்தாழ ஆறில் ஒருவர். அப்படியிருக்க, இடம் பார்க்கப் போகும்போது நடப்பது என்ன? ஐயா முன்னால் நடந்து, சதுர அடி விலையைக் கேட்டு, கட்டுநரிடம் பேரம் பேசி, முன்பணம் கொடுக்கிறார். அம்மா சமையலறை மேடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்சா சரிங்க" என்கிறார். பதினைந்து ஆண்டு கழித்து அந்தச் "சரிங்க"வோடு தனியாகக் குடியிருக்கப்போகிறவர் அவர்தான்.

மாதிரி வீட்டைக் காட்டும்போது நமக்குக் காட்டப்படுவது 62 வயது வாழ்க்கை. நடைபாதை, நீச்சல் குளம், யோகா கூடம், நூலகம், சிறிய திரையரங்கு. இந்தக் காட்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960 ஜனவரி 1 அன்று அரிசோனா பாலைவனத்தில் டெல் வெப் என்ற கட்டட அதிபர் சன் சிட்டி என்ற முதியோர் நகரைத் திறந்தார். முதல் மூன்று நாளில் ஒரு லட்சம் பேர் வந்து பார்த்ததாகச் சொல்வார்கள். கோல்ஃப் மைதானத்தையும் கேளிக்கை மையத்தையும் முதலில் கட்டிக் காட்டிவிட்டுத்தான் அவர் வீடு விற்றார். ஓய்வு என்றால் விளையாட்டு என்று விற்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதில் தவறில்லை, 62 வயதுக்காரருக்கும் மகிழ்ச்சி வேண்டும். ஆனால் அந்தக் காட்சி ஒன்றை மறைத்துவிடுகிறது.

சாதாரணத் தெருவில் கைக்குழந்தையும் இருக்கும், காலேஜ் பையனும் இருப்பான், பாட்டியும் இருப்பார். முதியோர் வளாகம் அப்படி இல்லை. 65 வயதில் ஒரே சமயத்தில் குடிவந்த இருநூறு பேரும் பதினைந்து ஆண்டு கழித்து ஒரே சமயத்தில் எண்பதைத் தொடுவார்கள். ஆரம்பத்தில் சங்கத்துக்குச் செயலாளராக, பொருளாளராக நான் நீ என்று ஆள் வரும். பிறகு கூட்டத்துக்கு வரவே ஆள் இருக்காது. ஆரம்பத்தில் ஒரு நர்ஸ் போதும். பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர் தேவைப்படுவார். ஆகவே புது வளாகத்தைப் பார்க்கப் போனால், அதே நிறுவனம் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பு கட்டிய பழைய வளாகம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அங்கே போய்விட்டு வாருங்கள். உங்களுக்கு வரப்போகும் நாட்களை அங்கே இன்றைக்கே பார்க்கலாம். பழைய வளாகமே இல்லாத நிறுவனம் என்றால், வாங்காதீர்கள். வாடகைக்குப் போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் எந்த வளாகத்துக்குப் போனாலும் முதலில் போவது அங்கேதான். வேலைநாளில், மதியம் பன்னிரண்டரை மணிக்குப் போவேன். சித்தி இருக்கும் வளாகத்தில் நாலு பேர் அமரும் மேசைகள். சித்தப்பா இருந்தவரை இன்னொரு தம்பதியோடு சேர்ந்து அவர்களுக்கென்று ஜன்னலோரம் ஒரு மேசை. சித்தப்பா போன பிறகு சித்திக்கு அந்த மேசையில் உட்காரப் பிடிக்கவில்லை. வேறு மேசைக்குப் போகவும் கூச்சம். கேரியரில் சாப்பாடு வாங்கி அறைக்கே எடுத்துப்போக ஆரம்பித்தார். பாதி சோறு அப்படியே குப்பைக்குப் போனது. எங்களுக்கு யாருக்கும் தெரியாது. போனில் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்லுவார்.

கவனித்தவர் கூடத்து மேற்பார்வையாளர், உள்ளூர்ப் பெண்மணி. கேரியரை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, ஒரு வாரமா ரூமுக்கே கொண்டு போறீங்க. இன்னிக்கு இங்கயே உக்காருங்க, ரசம் சூடா இருக்குது. இந்த டீச்சரம்மாவும் தனியாத்தான் இருக்காங்க, பேச்சுத்துணைக்கு ஆளில்லைன்னாங்க" என்று கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்த டீச்சரம்மா இன்றைக்கு சித்தியோடு தினமும் நடக்கிறார்.

இது எந்த விலைப்பட்டியலிலும் வராது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவும் முடியாது. ஆனால் கண்ணால் பார்க்க முடியும். தனியாக இருப்பவர்கள் எங்கே உட்காருகிறார்கள்? பரிமாறுகிறவர்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? ஒருவர் சாப்பிட வரவில்லையென்றால் யாராவது அறைக்குப் போய்ப் பார்க்கிறார்களா? பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறார்களா, மாதத்துக்கு மாதம் மாறுகிறார்களா? பல இடங்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் நன்றாகவே உழைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையே கிடையாது. ஆனால் மறதி நோய் முற்றும்போது பெரியவர்கள் பலர் தாய்மொழிக்கே திரும்பிவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு "தாகமா இருக்கு" என்று சொன்னால் புரிந்துகொள்ளும் ஒருவராவது இரவுப் பணியில் இருக்க வேண்டும்.

அடுத்து பணம். இங்கே ஐயாமார்கள் எல்லோரும் கணக்குப் போட்டுத்தான் வந்திருப்பீர்கள். அந்தக் கணக்கை இன்னொரு முறை, நீங்கள் இல்லை என்று வைத்துப் போடுங்கள்.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவர் மறைந்த பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். 40,000 வந்த இடத்தில் 24,000. அகவிலைப்படி இரண்டுக்கும் உண்டு என்றாலும் விகிதம் அதுதான். வளாகத்தின் கட்டணமோ அந்த விகிதத்தில் குறையாது. பராமரிப்புக் கட்டணம் வீட்டின் சதுர அடிக்கு. ஆள் குறைந்ததற்காக அதில் ஒரு ரூபாயும் குறைப்பதில்லை. சாப்பாட்டுக் கட்டணம் மட்டும் பாதியாகும். ஒரு பேச்சுக்குப் பராமரிப்பு 12,000, சாப்பாடு தலைக்கு 8,000 என்று வையுங்கள். இருவருக்கு 28,000, ஒருவருக்கு 20,000. வருமானத்தில் 16,000 போய்விட்டது, செலவில் 8,000தான் குறைந்தது. மிச்சம் 4,000. அந்த அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும், துணைக்கு ஆள் வைக்க வேண்டிய வயதும் அதுதான்.

அரசு ஓய்வூதியம் இல்லாதவர்கள் நிலைமை இன்னும் கடினம். நம் ஊரில் பஞ்சாலையிலும் பவுண்டரியிலும் முப்பது ஆண்டு உழைத்தவர்களுக்குத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995 ஓய்வூதியத் திட்டத்தில் கிடைப்பது சொற்பம். குறைந்தபட்சமாக 2014-இல் அறிவித்தது மாதம் 1,000 ரூபாய். அதற்கு அகவிலைப்படியும் கிடையாது. அவர்கள் வைப்பு வட்டியைத்தான் நம்ப வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் அது மாதத்துக்கு 20,500 ரூபாய் ஆகிறது. கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது ஆண்டில் இரட்டிப்பு, பதினெட்டு ஆண்டில் நான்கு மடங்கு. வட்டி அப்படி ஏறாது. 60 வயதைத் தொட்ட இந்தியருக்குச் சராசரியாக இன்னும் பதினெட்டு ஆண்டு ஆயுள் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டணத்தை ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்தலாம், அதை யார் முடிவு செய்வது, கணக்கை யார் தணிக்கை செய்வது என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும்" என்று எழுதியிருந்தால் அந்த வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜிஎஸ்டியும் கேளுங்கள். குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகை உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டும்போதுதான் 18 சதவீத வரிப் பேச்சு வரும். லாப நோக்கமுள்ள கம்பெனியே நேரடியாக வசூலித்தால் அந்தச் சலுகை இல்லை. பதிவுபெற்ற அறக்கட்டளைகள் நடத்தும் முதியோர் இல்லங்களில் தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 25,000 ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. நடத்துவது கம்பெனியா, சங்கமா, அறக்கட்டளையா என்பது இப்படி மாதச் செலவிலேயே தெரிந்துவிடும்.

இனி பத்திரம். வளாகங்களில் மூன்று வகை ஏற்பாடு இருக்கிறது. வீட்டை விலைக்கு வாங்குவது, பெரிய தொகையை வைப்பாகக் கொடுத்து ஆயுள்வரை குடியிருப்பது, மாத வாடகை. விலைக்கு வாங்கினால் நிலத்தில் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் வர வேண்டும். வைப்பு ஏற்பாடு பார்க்க எளிது. ஆனால் அந்தத் தொகைக்குப் பெரும்பாலும் ஈடு எதுவும் இருக்காது. நிறுவனம் நொடித்துப்போனால், நிலத்தை அடமானம் பிடித்த வங்கிக்குப் பின்னால்தான் நீங்கள் நிற்க வேண்டும். வங்கிப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே தீர வேண்டும். "வெள்ளைத்தாளில் போதும், நாங்கள் பெரிய நிறுவனம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்திரம் யார் பெயரில்? ஐயா பெயரில் மட்டும் வாங்கி, உயிலும் எழுதாமல் அவர் போய்விட்டால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு மனைவி, மகன், மகள், ஐயாவின் தாயார் இருந்தால் அவர், எல்லோருக்கும் சமபங்காகும். தான் குடியிருக்கும் வீட்டில் அந்த அம்மாவுக்கு மூன்றிலொரு பங்கோ நாலிலொரு பங்கோதான். விற்று வேறிடம் போக நினைத்தால் அமெரிக்காவில் இருக்கும் மகன், கனடாவில் இருக்கும் மகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் தூதரகத்துக்கு அலைந்து தாள் அனுப்புவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். இருவர் பெயரிலும் வாங்கினால் மட்டும் போதாது; ஒருவர் மறைந்தால் அவருடைய பாதி வாரிசுகளுக்கே போகும். இருவரும் தனித்தனியே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். நாமினி போட்டாயிற்றே என்பீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், உரிமை வாரிசுக்கே. பவர் எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது.

சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டுகிறவர் பதிவு செய்ய வேண்டும். பதிவான விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமானக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பொறுப்பு. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் இவை சுவரையும் கூரையையும் காப்பவை. நாம் முதியோர் வளாகத்துக்குப் போவது சுவருக்காகவா? சாவி கையில் வந்த பிறகு தொடங்கும் சாப்பாடு, நர்ஸ், இரவுக் காவல், ஆம்புலன்ஸ் இவற்றுக்கு இதே அளவு இறுக்கமான சட்டம் இன்னும் நமக்கு இல்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுகால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. கட்டுநர், சேவை நடத்துபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் வழிகாட்டி சட்டமாகாது. நம் மாநிலம் அதை முழுமையான சட்டமாக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்; நம்மைப் போன்ற சங்கங்கள் கேட்டால்தான் நடக்கும். அதுவரை அந்த முத்தரப்பு ஒப்பந்தத்தை நீங்களே வற்புறுத்துங்கள். சேவை நடத்தும் நிறுவனம் ஐந்தாண்டில் விலகிப்போனால் சமையலறையை யார் ஏற்பார்கள்? பராமரிப்புக்கென்று நம்மிடம் முன்கூட்டியே வாங்கும் மூலநிதி எந்தக் கணக்கில் இருக்கிறது, யார் கையெழுத்தில் எடுக்கலாம்? இந்த இரண்டு கேள்விக்கு முகம் மாறாமல் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

மருத்துவம் பற்றி. "எங்களிடம் இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் உண்டு" என்பார்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். படித்துப் பதிவுபெற்ற நர்ஸா, பயிற்சி பெற்ற உதவியாளரா? இரண்டு பேரும் தேவைதான், ஆனால் இருவரும் ஒன்றல்ல. ஆம்புலன்ஸ் வளாகத்திலேயே நிற்கிறதா, போன் செய்தால் வருமா? மருத்துவமனைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு எத்தனை நிமிடம் என்று நீங்கள் வண்டியில் போய்ப் பாருங்கள். வடவள்ளியிலிருந்து பீளமேடு போவதென்றால் நகரத்தின் குறுக்கே போக வேண்டும். மலையடிவாரத்து இடங்களில் காட்சி அழகுதான். ஆனால் மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் யானை இறங்கும் வழிகள் உண்டு; அந்திக்குப் பிறகு வெளியே நடக்க முடியுமா என்று அங்கே குடியிருப்பவர்களையே கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஷரத்து ஒன்று, பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். "தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருப்பவர்கள் மட்டுமே குடியிருக்கலாம்" என்றோ, "தொடர் கவனிப்புத் தேவைப்பட்டால் குடும்பத்தார் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்" என்றோ வரும். இதன் பொருள் என்ன? மறதி நோய் வந்தால், பக்கவாதம் வந்தால், எந்த நாளுக்காக அந்த வீட்டை வாங்கினீர்களோ அந்த நாளில் வெளியேற வேண்டும். எண்பத்திரண்டு வயதில், கணவனும் இல்லாமல், தன் பெயரே சில நேரம் நினைவில் இல்லாமல் இருக்கும் ஒரு பெண்மணியை எங்கே அனுப்புவது? வளாகத்துக்குள்ளேயே படுக்கையோடு இருப்பவர்களுக்கான பிரிவு உண்டா, மறதி நோயாளிகளுக்குத் தனிப் பகுதி உண்டா, அங்கே எத்தனை கட்டில், அது நிரம்பியிருந்தால் என்ன ஏற்பாடு, அங்கே மாறிய பிறகு வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டுமா? அந்தப் பிரிவைக் காட்டச் சொல்லுங்கள். நீச்சல் குளத்தைக் காட்ட அரை மணி நேரம் எடுப்பவர், அந்தப் பிரிவைக் காட்டத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. உள்ளே போனால் மூக்கைத் திறந்து வையுங்கள். சிறுநீர் வாடை அடிக்கிறதா என்பதைவிடச் சரியான தரச்சான்று எனக்குத் தெரியாது.

கட்டடத்துக்குப் போகும்போது கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். சக்கர நாற்காலி நுழைய, கதவு 900 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும்; செங்குத்தாகக் கட்டி வைத்திருந்தால் அது வெறும் அலங்காரம். லிஃப்டில் ஆறடிக்கு மேல் நீளமுள்ள ஸ்ட்ரெச்சர் படுக்கைவாக்கில் நுழையுமா? குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு வந்தவர் வெளியே நின்று தவிப்பார். அபாய மணியின் பொத்தான் தரையில் விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா? நின்றால் எட்டும் உயரத்தில் பொருத்திய பொத்தான்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், யார் வருகிறார்கள் என்று.

யாரும் வாய்விட்டுப் பேசாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சாப்பாடும் அதோடு ஒட்டிவரும் சமூகமும். பல வளாகங்களில் சைவச் சமையல் மட்டும்தான்; சிலவற்றில் வீட்டுக்குள்கூட அசைவம் சமைக்கக் கூடாது. அப்படியே வளர்ந்தவர்களுக்கு அது நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்துப் பழகிய வீட்டுக்காரருக்கு அது ஆயுள் தண்டனை. தத்தம் விருப்பம், ஆனால் அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே சமூகத்தார் நிறைந்த இடத்தில் தன் பேச்சும் பழக்கமும் வேறாக இருந்து ஒரு பெண்மணி ஒதுங்கிப்போனதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். யாரும் அவரை ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. ஆனால் கொலுவுக்கு அழைப்பில்லை, சுற்றுலா வண்டியில் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. கணவர் இருந்தவரை அது அவருக்குத் தெரியவேயில்லை.

இரண்டாவது, இறப்பு. வளாகத்தில் ஒருவர் இறந்தால் உடலை எங்கே வைப்பார்கள்? வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துசேர இரண்டு நாள் ஆகும். குளிர்பெட்டி வீட்டுக்குள் வைக்க அனுமதி உண்டா? சடங்குகளை அங்கேயே செய்யலாமா? நல்ல வளாகங்கள் இதற்கென்று ஓர் இடமும் ஒழுங்கும் வைத்திருக்கின்றன. மற்றவர்களும் வந்து நின்று விடைகொடுக்கிறார்கள். சில இடங்களில் மற்றவர்கள் மனம் சங்கடப்படும் என்று பின்வாசல் வழியாக விடியற்காலையில் கொண்டுபோய்விடுகிறார்கள். அங்கே மிச்சமிருப்பவர்கள் தங்களுக்கும் அதே பின்வாசல்தான் என்று தெரிந்துகொண்டே காலைக் காபி குடிக்கிறார்கள். அது எனக்கு ஏற்புடையது அல்ல.

எல்லோரும் போயே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் ஆதரவோடு, சொந்தத் தெருவில், குளியலறையைச் சீர்செய்து, ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு. இந்த வளாகங்களின் விலை நம்மில் மிகச் சிறு பகுதியினருக்கே எட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் வறிய முதியோருக்கு அமைக்கலாம் என்று சொல்லி இத்தனை ஆண்டாயிற்று. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டம் தாமரைக்குளத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா ஒரு முதியோர் கிராமத்தையே அமைத்தது. எளியவர்களுக்கும் மதிப்பான இடம் அமைக்க முடியும் என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று. ஆதரவற்ற நிலையில் யாரைக் கண்டாலும் 14567 என்ற இலவச எண்ணை அழையுங்கள்; முதியோருக்கான உதவி எண் அது.

போவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருக்கும் வீட்டை விற்காதீர்கள், பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்டும் எழுதாதீர்கள், அந்த வளாகத்தில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கும்வரை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். வாடகைக்கு இருக்கும் அந்த வருடத்தில் ஐயா ஒரு மாதம் மகள் வீட்டுக்கோ காசி யாத்திரைக்கோ போய்வாருங்கள். அம்மா மட்டும் அங்கே தனியாக இருக்கட்டும். வெளியே போக பஸ் இருக்கிறதா, ஆட்டோ கிடைக்கிறதா, வங்கி வேலை, கேஸ், மருந்துக் கடை எல்லாம் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா, சாயங்காலம் பேச ஆள் இருக்கிறதா, இரவில் நிம்மதியாகத் தூக்கம் வருகிறதா என்று அவரே பார்க்கட்டும். ஐயா திரும்பி வந்ததும் அம்மா வேண்டாம் என்று சொன்னால், காரணம் கேட்டு வாதாடாமல் வேறிடம் பாருங்கள்.

நேரமாகிவிட்டது. கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மறதி நோய் ஷரத்தைப் பற்றித்தான் அதிகம் வந்திருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒப்பந்த நகல் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாமல் இருங்கள். வலப்பக்கத்து மேசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்ப்போம்.